மூன்றாவது ஹாரன்

அந்த ஜீப்பின் ஹாரனுக்கு எப்போதும் சளி பிடித்திருக்கும். 'பீங்' என்று தொடங்கி 'க்ர்ர்' என்று முடியும். ஆனாலும் போடியில் முனீஸ்வரியின் தெருவுக்கு அதுதான் அலாரம்.

ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொள்ள, காலை ஆறு மணிக்கு யோகராஜ் வருவார். சின்னதாக இரண்டு ஹாரன் அடிப்பார், பிறகு நீளமாக ஒன்று. முதல் இரண்டும் தெருவுக்கு. மூன்றாவது, முனீஸ்வரியின் அக்கா வித்யாவுக்கு மட்டும். ரகசியமாம். ஆனால் அது தெருவுக்கே தெரியும் என்பது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியாது.

ரகசியம் வீடு வந்து சேர்ந்தது. தையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது. அப்போது பைக்கில் இறங்கி வந்துகொண்டிருந்த யோகராஜ் வீடு திரும்பவில்லை.

அம்மா அன்னக்கொடி தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள். "அந்தப் பேரு எம்மக காதுல விழவே கூடாது ஆத்தா." இப்போது ஜீப் ஓட்டுகிற வினோத்குமார், யோகராஜின் கூட்டாளி. அவனிடமும், "எங்க தெருவுல மட்டும் ஹாரன் அடிக்காதப்பா" என்று கேட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஜீப் பூனை மாதிரி வந்து போனது. எதிர் வீட்டுக் குருவம்மாள் இரண்டு முறை ஜீப்பைத் தவறவிட்டாள். வித்யா குழாயடிக்கு வந்தாலே எல்லோரும் சட்டென்று தக்காளியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

வித்யா வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். இரண்டு வாய் சாப்பிடுவாள், கை கழுவிவிடுவாள். முன்பெல்லாம் தலை சீவிவிடும்போது தங்கையை ஓயாமல் கேலி செய்வாள். இப்போது பேசாமல் பின்னிவிட்டாள். அக்கா பக்கத்திலேயே இருந்தும் முனீஸ்வரி அவளைத் தேடினாள்.

தையும் வந்தது. ஒரு நாள் பரீட்சைக்குப் படிக்க முனீஸ்வரி சீக்கிரம் எழுந்தாள். கதவுக்குப் பின்னால் வித்யா நின்றுகொண்டிருந்தாள். வெளியே ஜீப் சத்தமில்லாமல் போனது.

"என்னக்கா பண்ற?"

"ஒண்ணுமில்ல." பிறகு மெதுவாக, "எல்லாரும் அவர மறந்துட்டாங்கல்ல முனி? ஒருத்தர் வாயிலயும் அந்தப் பேரு வரல. ஹாரனக்கூட அடிக்கிறதில்ல" என்றாள்.

முனீஸ்வரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறக்கவில்லை என்று வாயால் சொன்னால் அக்கா நம்பமாட்டாள். காதால் கேட்டால்தான் நம்புவாள்.

சாயங்காலம் ஜீப் நிற்கிற இடத்துக்குப் போனாள். "அண்ணே, நாளைக்கு ஹாரன் அடிங்க."

"உங்கம்மா என்னைய உரிச்சுரும் பாப்பா."

"அம்மா என்னைய உரிக்கட்டும். எங்கக்கா தெனமும் கதவுக்குப் பின்னால நின்னு உங்க ஜீப்பக் கேக்குதுண்ணே."

வினோத்குமார் ஜீப் துடைக்கிற துணியால் தன் முகத்தைத் துடைத்தான். "நானும் அவனப் பத்திப் பேசி மூணு மாசமாச்சு" என்றான்.

மறுநாள் காலை ஆறு மணி. பீங்-க்ர்ர். பீங்-க்ர்ர்.

அம்மா கரண்டியும் கையுமாக வெளியே ஓடிவந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்த குருவம்மாள், "ஆத்தாடி, இந்தச் சத்தத்தக் கேட்டு எம்புட்டு நாளாச்சு. யோகராசு இருந்தா, 'அத்தை, வெத்தலைய அப்பறம் போடு, வெரசா ஏறு'ன்னுருப்பான்" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வித்யா வாசலுக்கு வந்துவிட்டாள். கண் நிறையத் தண்ணீர். "இன்னும் என்ன சொல்லுவாரு அத்தை?"

அவ்வளவுதான். ஜீப்பே பேச ஆரம்பித்தது. குளிரில் நடுங்கியவளுக்கு அவர் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்ததை ஒருத்தி சொன்னாள். வளைவுக்கு வளைவு அவர் பாடிய பாட்டை இன்னொருத்தி சொன்னாள். பாட்டைவிட ஹாரன் தேவலாமாம். வித்யா அழுதாள், அழுகையின் நடுவே சிரித்தும்விட்டாள்.

"ஒனக்கு வலிக்குமேன்னுதான்டி..." என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

வித்யா டிரைவர் பக்கம் போனாள். "அண்ணே, ரெண்டுதான் அடிச்சீங்க."

"மூணாவது ஒனக்குள்ளது தாயி. அத நான் அடிக்கப்படாது."

வித்யா ஜீப்புக்குள் கையை விட்டு ஹாரனை அழுத்தினாள். நீளமாக, தெருக்கோடி வரை கேட்க, 'க்ர்ர்' என்று அது தானாக முடியும்வரை கையை எடுக்கவில்லை.

பிறகு, "முனி, என் தூக்குவாளிய வெரசா கொண்டா" என்றாள்.

முனீஸ்வரி திரும்புவதற்குள், அம்மா கரண்டியோடு சோற்றுப் பானையை நோக்கி ஓடிவிட்டிருந்தாள்.