எறும்பு முத்திரை

"மாமா, குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தாச்சு" என்று மாப்பிள்ளை வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். நான்கு நாளாகச் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஆள் பிடிக்கிற பொறுப்பை மனைவி அவர் தலையில்தான் கட்டியிருந்தாள். வந்திருந்த அம்மாள் "நான் பைப் செய்யறவ" என்றதும், தெய்வமே நேரில் வந்துவிட்டது போல அவர் கதவை அகலத் திறந்தார்.

"தண்ணி பைப் இல்லீங்க. புகை பிடிக்கிற பைப். மரத்துல செய்யறது" என்றார் அந்த அம்மாள், இதைப் பலமுறை சொல்லிச் சலித்தவர் போல. "வாரத்துக்கு ரெண்டு பேராவது என்னை வாஷர் மாத்தக் கூப்பிடறாங்க. நான் உங்க மாமனாரைப் பார்க்கணும்."

மாப்பிள்ளை அசடு வழிய நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மாமனார் எடை அளவு ஆய்வாளராக முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடை கடையாக ஏறித் தராசுக்கு அடியில் ஒட்டிய காந்தத்தையும் அடி வளைந்த படியையும் கண்டுபிடித்தவர் என்பதால் ஊரில் அவருக்கு "அளவுகோல்" என்று பெயர். தொட்டுப் பார்க்க முடியாத எதையும் அவர் நம்புவதில்லை. மாப்பிள்ளையோ எதையும் தொடுவதற்கு முன்பே நம்பிவிடுகிறவர். இருவரும் சேர்ந்து அக்கம்பக்கத்துச் சிக்கல்கள் பலவற்றை அவிழ்த்திருந்தார்கள். சிலவற்றை மாப்பிள்ளை முதலில் இன்னும் இறுக்கியிருந்தார்.

அம்மாள் ஒரு துணிப் பொட்டலத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். உள்ளே செம்பழுப்பு நிறத்தில் ஒரு பைப். வேர் முண்டில் கடைந்த கிண்ணம், அதிலிருந்து நீளும் கரிய காம்பு. கிண்ணத்தின் ஒரு பக்கத்தில் விரல் நுழைகிற அளவுக்குக் கருகிய ஓட்டை. அடிப்பக்கத்தில் எறும்பு ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது.

"இது ரெண்டு வருஷமா நான் பைப் குடுத்து விக்கிற கடையோட ஷோகேஸ்ல இருந்தது. மூணு வாரத்துக்கு முன்னால பல் டாக்டர் ஒருத்தர் வாங்கினார். பத்தாவது நாள் அவர் பிடிச்சுட்டு இருக்கும்போதே பக்கவாட்டுல எரிஞ்சு உள்ளங்கை பொசுங்கிடுச்சு. ஓட்டைக்குள்ள பாருங்க, மரத்தூளும் பசையும் குழைச்ச புட்டி. மரத்துல இருந்த சொத்தையைப் புட்டி வெச்சு அடைச்சு, மேல சாயம் பூசி வித்துட்டேன்னு என்மேல புகார்."

"அடைச்சீங்களா?" என்றார் மாமனார்.

"பதினாறு வருஷத்துல ஒரு தடவைகூட இல்ல. சொத்தை தெரிஞ்சா அந்தக் கட்டை அடுப்புக்குத்தான். இன்னிக்கு நாலு மணிக்குக் கைவினைச் சங்கத்துல கூட்டம். என் எறும்பு முத்திரையைச் சுத்தியலால அடிச்சு உடைச்சு, பேரை நீக்கப் போறாங்க. தலைவர்கிட்ட மன்றாடி இதை நாலு மணி வரைக்கும் வாங்கிட்டு வந்தேன்." அவர் குரல் கடுமையாக இருந்தது. "நான் செஞ்ச தப்புன்னா நானே உடைப்பேன். செய்யாத தப்புக்கு உடைக்க விடமாட்டேன்."

"இது உங்க வேலைதானா?"

"எறும்பு என்னோடது. கிண்ணம் என் கை. காம்பும் என்னோடது மாதிரிதான் இருக்கு. அதான் எனக்குப் பைத்தியம் பிடிக்குது."

மாமனார் பைப்பை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பக்கத்துக்குப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மணி பத்து. முதல்ல உங்க பட்டறைக்குப் போகலாம்" என்று செருப்பை மாட்டினார்.

பட்டறை என்றால் ஒரு நீள அறைதான். ஒரு கடைசல் இயந்திரம், அளவு வாரியாகத் தொங்கும் அரங்கள், உப்புத்தாள் கட்டுகள். உள்ளே நுழைந்ததும் அம்மாள் விரலிலிருந்த வெள்ளி மோதிரத்தைக் கழற்றிக் கதவோரத்து ஆணியில் மாட்டினார். வேலை செய்யப் போவதில்லை என்றாலும் கை தானாக அதைச் செய்தது. மாமனார் ஆணியையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை.

"காம்பு எதுல செய்யறீங்க?"

"எபோனைட். கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கின ரப்பர். அரத்தால ராவினா தீக்குச்சி வாசனை வரும். இப்போ எல்லாரும் அக்ரிலிக் பிளாஸ்டிக்குக்கு மாறிட்டாங்க, கலர் கலரா. பல்லுக்கு மெத்துனு இருக்கறது இதுதான், நான் மாறல."

"முத்திரை எப்போ போடுவீங்க?"

"கடைசி உப்புத்தாளுக்கு முன்னால. மெருகு போட்டப்புறம் அடிச்சா ஓரம் பிசிறும்."

"சொத்தை தெரியறது எப்போ?"

அம்மாள் கொஞ்சம் தயங்கினார். "சிலது கடைசி உப்புத்தாள்லதான் தெரியும்."

"அப்படின்னா எறும்பு போட்டப்புறம் கழிச்சுக் கட்டினதும் உண்டு."

மேஜைக்கு அடியில் ஒரு கூடை இருந்தது. காம்பு இல்லாத கிண்ணங்கள் ஒன்பது, ஒவ்வொன்றிலும் எறும்பு. "என் கொழுந்தன் மாசம் ஒரு தடவை வந்து அடுப்புக்கு எடுத்துட்டுப் போவார். அவரும் பைப் செய்யறவர்தான். கட்டையைப் பக்குவப்படுத்த நாள் கணக்கா வேகவைக்கணும், அதுக்கு விறகு. கடைக்காரரும் எப்பவாவது ரெண்டு வாங்குவார், மரம் எப்படி இருக்கும்னு ஜனங்களுக்குக் காட்ட."

"ஷோகேஸ்ல இருந்ததுக்கு ஜோடி ஏதாவது செஞ்சீங்களா?"

"ஒரே கட்டையில ரெண்டு வெட்டினேன். ஒண்ணு தேறிச்சு, இன்னொண்ணு கூடைக்குப் போச்சு. அது எரிஞ்சு சாம்பலாகி ரெண்டு வருஷம் இருக்கும்."

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, விரலில் கறுத்த மோதிரம், வாயில் பச்சைக் காம்பு வைத்த பைப். அம்மாளின் கொழுந்தன், சங்கத்துச் செயலாளரும் அவர்தான். "அண்ணி, முத்திரையை நீங்களே குடுத்துட்டா மானமா முடிஞ்சிடும். அண்ணன் வேற லாரியில தூரமா போயிருக்கார். தனியா எதுக்கு இந்த அவமானம்?"

"கூட்டத்துக்கு வரேன் தம்பி" என்றார் அம்மாள், திரும்பாமலே.

"இந்தக் காம்பைப் பார்த்துச் சொல்லுங்களேன்" என்று மாமனார் பைப்பை நீட்டினார்.

அவர் வாங்கவில்லை. "எபோனைட்டைத் தொட்டு ஆறு வருஷமாச்சு சார். அந்த நாத்தமே எனக்கு ஆகாது. நான் முழுக்க அக்ரிலிக்." சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கடைக்குப் போகிற வழியில் மாப்பிள்ளை அடக்க மாட்டாமல் கிசுகிசுத்தார். "மாமா, குற்றவாளி பல் டாக்டர். ஓட்டையை அடைக்கிறதுதான் அவர் தொழிலே. துளை போடற மெஷினும் அவர்கிட்ட இருக்கு."

"தன் கையைத் தானே பொசுக்கிக்கிட்டாரா?"

"அனுதாபத்துக்கு."

"யாரோட அனுதாபத்துக்கு, மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

கடை மேற்குப் பார்த்தது. ஷோகேஸில் மீதி மூன்று பைப்புகள் இருந்தன. மூன்றின் காம்புகளும் பாசி படிந்த தொட்டி மாதிரி பச்சையும் பழுப்புமாகக் கிடந்தன. கீழே விரித்திருந்த சிவப்புத் துணி வெளுத்துப்போய், விற்ற பைப் இருந்த இடத்தில் மட்டும் அதன் உருவம் அடர் சிவப்பாகத் தெரிந்தது. கடைக்காரர் கழுத்தில் பளிச்சென்ற வெள்ளிச் சங்கிலியும் முகத்தில் கலவரமுமாக நின்றார்.

"விக்கிறதுக்கு முன்னால மெருகு போட்டீங்களா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது சார். இறகால தூசி தட்டுவேன், அவ்வளவுதான்."

"இந்த ஷோகேஸை யார் யார் திறப்பாங்க?"

"நான் திறப்பேன். அம்மா எப்பவாவது. போன மாசம் சங்கத்துலேருந்து வருஷ சோதனைக்கு வந்தாங்க. வேற யாருமில்ல."

அடுத்துக் கிளினிக்கில் போய்ப் பார்த்த பல் டாக்டர் உள்ளங்கையில் கட்டோடு கோபமாக இருந்தார். ஆனால் நியாயமான மனிதர். "காம்பு கன்னங்கரேல்னு பளபளத்தது. அந்த அழகுக்குத்தான் வாங்கினேன்" என்றார். மாப்பிள்ளை ஓட்டைக்குள் இருந்த புட்டியைக் காட்டி, பல்லுக்கு வைக்கிற சிமெண்ட் இப்படி இருக்குமா என்று நைசாகக் கேட்டார். டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நான் அடைச்சதுன்னா பத்து நாள்ல பெயர்ந்து வராது. வாயைத் திறங்க, உங்களுக்கே ரெண்டு சொத்தை இருக்கும் போலத் தெரியுது." மாப்பிள்ளை வாயை இறுக்க மூடிக்கொண்டு மாமனாருக்குப் பின்னால் போய் நின்றார்.

நாலு மணிக்குச் சங்கத்து அறையில் தலைவர் மேஜைமேல் ஓர் இரும்புப் பட்டடையும் சுத்தியலும் தயாராக இருந்தன. அம்மாள் தன் முத்திரை உளியைக் கொண்டுவந்து அவற்றுக்குப் பக்கத்தில் தானே வைத்தார். மாமனார் கேட்டுக்கொண்டபடி கழிவுக் கூடையையும் சுமந்து வந்திருந்தார். டாக்டரும் கடைக்காரரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். செயலாளர் தன் மேஜையில் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"அஞ்சு நிமிஷம் பேசிக்கறேன்" என்று மாமனார் எழுந்தார். "எபோனைட் வெயில்ல கிடந்தா நிறம் மாறும். கடையில மீதி மூணும் பச்சையாயிடுச்சு. இது ரெண்டு வருஷம் அதே வெயில்ல இருந்ததுன்னு சொல்றோம். ஆனா காம்பு கறுப்பு."

"விக்கிறப்போ துடைச்சிருப்பாங்க" என்றார் தலைவர்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார் அம்மாள் மெதுவாக.

"கடைக்காரர் துடைக்கல."

"அம்மாதான் வந்து துடைச்சிட்டுப் போனாங்கன்னு நான் நெனச்சேன்" என்றார் கடைக்காரர்.

"ஆளாளுக்கு இன்னொருத்தர்னு நெனச்சுட்டீங்க. சரி, காம்பை யாரோ துடைச்சாங்கன்னே வெச்சுக்கலாம். மரத்தைப் பாருங்க. கீழே விரிச்ச துணியே வெளுத்துப் போச்சு. கண்ணாடிப் பக்கம் இருந்த மரச் சாயமும் வெளுத்திருக்கணும். இதுல ரெண்டு பக்கமும் ஒரே நிறம். அப்படின்னா இது ஷோகேஸ்ல இருந்த பைப் இல்ல. இது அதோட ஜோடி. அம்மா எறும்பு போட்டப்புறம் சொத்தைன்னு கூடையில போட்டது. யாரோ அதை எடுத்துப் புட்டி அடைச்சு, சாயம் பூசி, புதுசா எபோனைட் காம்பு செஞ்சு மாட்டி, போன மாசம் ஷோகேஸ்ல மாத்தி வெச்சிருக்காங்க."

மாப்பிள்ளைக்கு இப்போதுதான் உறைத்தது. அவர் கடைக்காரரைப் பார்த்தார். கழிவுக் கட்டை அவரிடமும் இருந்ததே.

"கடைக்காரருக்கு அரம் பிடிக்கத் தெரியாது" என்றார் மாமனார், மாப்பிள்ளையின் பார்வையைக் கவனித்தவராக. "இந்தக் காம்பு அம்மாவையே ஏமாத்தின வேலை, தேர்ந்த கை. எபோனைட்ல கந்தகம் இருக்கு. அதோட தூள் பட்டா வெள்ளி கறுத்துடும். அதனால அம்மா பட்டறைக்குள்ள நுழைஞ்சதும் மோதிரத்தை ஆணியில மாட்டறாங்க. நித்தம் எபோனைட்ல வேலை செய்யறவங்க யாரும் மறக்க மாட்டாங்க. கடைக்காரர் கழுத்து வெள்ளிச் சங்கிலி பளிச்சுனுதான் இருக்கு. ஆறு வருஷமா அக்ரிலிக்ல பழகினவருக்கு அந்தப் பழக்கம் விட்டுப் போயிருக்கும். செயலாளர் சார், உங்க மோதிரம் வெள்ளிதானே?"

செயலாளர் கையை மேஜைக்கு அடியில் இழுத்தார். "வேர்வையில கறுத்தது."

"வேர்வைன்னா தோலை ஒட்டின உள்பக்கமும் கறுக்கணும். கழட்டிக் காட்டுங்க."

தலைவர் கையை நீட்டினார். வேறு வழியில்லாமல் மோதிரம் கழன்று வந்தது. வெளிப்பக்கம் கரி, உள்பக்கம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

"சோதனைக்குக் கடைக்கு வந்ததும் நீங்கதானே?" என்று மாமனார் கேட்டதற்குக் கடைக்காரர்தான் தலையாட்டினார்.

அம்மாள் எழுந்து செயலாளர் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். "ஷோகேஸ்ல இருந்தது எங்க தம்பி? எரிச்சுட்டிருந்தா சொல்லிடுங்க."

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய பைப்பை எடுத்து வைத்தார். பச்சையேறிய காம்பு, ஒரு பக்கம் வெளுத்த மரம். "எரிக்கத்தான் எடுத்துட்டுப் போனேன். மனசு வரல" என்றார். "ஆறு வருஷத்துக்கு முன்னால உங்க பட்டறையில நான் செஞ்ச ஒரு பைப்புக்காவது எறும்பு போட்டீங்களா அண்ணி? ஒவ்வொண்ணையும் வெளிச்சத்துல பிடிச்சு, புட்டி இருக்குன்னு திருப்பிக் குடுப்பீங்க. புட்டி வெச்ச பைப்புல உங்க எறும்பு இருந்தா எப்படி இருக்கும்னு பார்க்கணும்னு தோணுச்சு. யாருக்கும் கை பொசுங்கும்னு நெனைக்கல."

மாப்பிள்ளைக்கு அவர்மேல் வந்த கோபம் பாதியில் நின்றுபோயிற்று.

அம்மாள் எரிந்த பைப்பை எடுத்துக் காம்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். முன்பெல்லாம் இப்படித்தான் பிடித்திருப்பார் போலும். செயலாளர் தலை தானாகக் குனிந்தது. "காலையில இதை நான் என்னோடதுன்னே நெனச்சேன். அவ்வளவு நல்லா ராவியிருக்கீங்க. சொத்தையை மூடறதுக்கு இவ்வளவு நல்ல கையா தம்பி?" என்றார். அந்த ஒரு கேள்விக்குச் செயலாளர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அம்மாள் சமாதானம் சொல்லவில்லை. காம்பை மட்டும் அவர் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பினார்.

தலைவர் கனைத்துக்கொண்டு, டாக்டருக்குச் செயலாளர் பதில் சொல்லியாக வேண்டும் என்றும் அம்மாளின் முத்திரைக்கு எந்தக் குறையும் இல்லை என்றும் அறிவித்தார். முத்திரை உளியை அம்மாள் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு குறை இருக்கு" என்றார் அம்மாள். "தேறுமா தேறாதான்னு தெரியறதுக்கு முன்னாலயே பேரைப் போட்டேன். ஓரம் பிசிறும்னு சோம்பல். அது என் தப்பு. இனிமே மெருகுக்கு அப்புறம்தான். பிசிறினா பிசிறட்டும். அந்தச் சுத்தியலைக் கொஞ்சம் குடுங்க."

கூடையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். முதல் கிண்ணத்தைப் பட்டடையில் கவிழ்த்து எறும்பின்மேல் ஓர் அடி போட்டார். மரம் பிளந்தது. யாரும் எழுந்து போகவில்லை. மாப்பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, ஒன்பதையும் உடைத்து முடித்தார். பத்தாவதாக எரிந்த பைப்பின் கிண்ணத்தையும் வைத்து உடைத்தார்.

பிறகு இழுப்பறையிலிருந்து வந்த, பச்சையேறிய காம்புள்ள பைப்பை முந்தானையால் துடைத்து டாக்டரிடம் காட்டினார். "இதுதான் நீங்க வாங்கியிருக்க வேண்டியது. ரெண்டு நாள் குடுங்க, மெருகு போட்டுத் தரேன். அடியில இருக்கற எறும்பை மட்டும் நம்பாதீங்க. உள்ள விரல் விட்டுத் தடவிப் பார்த்துட்டு வாங்கிக்கங்க."

டாக்டர் கட்டுப் போடாத கையை நீட்டி, அங்கேயே விரல் விட்டுத் தடவிப் பார்த்தார்.