அளவு நோட்டு

மழை... பஸ் நிறுத்தத்தின் கூரைக்கடியில் ஒரே நெரிசல். டாக்டரின் கண்கள் மட்டும் எதிரே நின்ற சிறுமியை விட்டு நகரவில்லை. அகன்ற கழுத்து, பிடரியில் தாழ இறங்கிய முடி, ஐந்தாம் வகுப்புப் புத்தகங்கள்... உயரமோ ஆறு வயதுக்கானது.

“என்னங்க அப்படிப் பாக்குறீங்க? அவ என்ன காட்சிப் பொருளா?” சிறுமியின் பக்கத்தில் நின்ற இளைஞன் சீறினான்.

டாக்டர் நிமிர்ந்தாள். அம்மாடி, அவனுக்கு என்ன கண்கள்! கோபத்தில்கூட...

“நான் குழந்தைங்க டாக்டர். பாப்பாவோட வளர்ச்சியைப் பரிசோதிக்கணும், கூட்டிட்டு வாங்க.”

“எங்க அக்கா பொண்ணு நல்லாத்தான் இருக்கா. உங்க வேலையைப் பாருங்க!”

“அதைத்தாங்க பாக்குறேன்!”

கார்டைச் சிறுமியின் கையில் திணித்துவிட்டு பஸ் ஏறினாள். ஏறிய பிறகுதான் சுருக்கென்றது. நாலு பேர் நடுவில் சொல்கிற சேதியா அது? இனி வரவே மாட்டார்களோ... நாள் தள்ளத் தள்ள அந்தக் குழந்தைக்கல்லவா நஷ்டம்!

பத்து நாள் தவித்தாள். பதினோராம் நாள் அக்காவோடும் சிறுமியோடும் அவன் வந்தான். முகம் இன்னும் உர்ரென்றுதான் இருந்தது.

“முன்னாடி உயரம் குறிச்சு வச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள்.

அக்கா விழித்தாள். அவன் ஒரு கசங்கிய நோட்டை மேஜைமேல் வைத்தான்.

“நான் ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற டெய்லர். வருஷா வருஷம் இவளுக்கு நான்தான் அளவெடுக்கிறேன். ரெண்டு வருஷமா பாவாடை நீளம் அரை இஞ்ச்கூட ஏறலை. பழைய துணியே சரியா இருக்கு, நம்ம தையல் அப்படின்னு பீத்திக்கிட்டேன்...” நோட்டை அவள் பக்கம் தள்ளினான். “கையில டேப்பை வச்சிக்கிட்டே கோட்டை விட்டுட்டேன் டாக்டர்.”

“வளர்ச்சி எப்போ தேங்குச்சுன்னு இந்த நோட்டுதாங்க காட்டிக்குடுத்துச்சு.”

அவன் முதல்முறையாகக் கோபமில்லாமல் அவள் முகத்தைப் பார்த்தான்.

ரத்தப் பரிசோதனை முடிவு வர மூன்று வாரம். அவன் தினமும் போன் செய்தான். அவளும் மணி அடிக்கக் காத்திருந்தாள்... வந்தது முடிவு.

“பிறவியிலேயே ஒரு குரோமோசோம் குறையுது. இதனால இதயத்துக்கும் பாதிப்பு வரலாம்; ஸ்கேன்ல அது நல்லா இருக்கு. வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டா நல்லா வளருவா. நேரத்தோட வந்துட்டீங்க.”

அக்கா மகளைக் கட்டிக்கொண்டு அழுதபடி ஊசிச் சீட்டோடு வெளியே போனாள். அவன் வாசலிலேயே தயங்கினான்.

“அன்னிக்கு என் முகத்தையும் உத்துப் பாத்தீங்களே... எனக்கு என்ன கோளாறுன்னு சொல்லவே இல்லையே?”

டாக்டருக்குக் காது மடல் சிவந்தது.

“எந்த முகத்தைப் பாத்தாலும் என் கண்ணு கோளாறைத்தான் தேடும். பத்து வருஷப் பழக்கம். உங்களைப் பாத்தப்போ... தேட மறந்துட்டேன்.”