கடைசிப் படி ஆறு அங்குலம்

பிணம் அழகாகக் கிடந்தது.

குறை சொல்ல முடியாது. மேல் ரோட்டிலிருந்து இறங்கும் இருபத்திரண்டு படிகள், படிக்கொரு வண்ணம். கீழே சாம்பல் கல் பதித்த சின்ன முற்றம். முற்றத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்ச். பெஞ்சின் கூர்முனைக்கு அடியில், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு... கட்டடக்கலைஞர்!

படி, முற்றம், பெஞ்ச், கூர்முனை, எல்லாம் அவர் வரைந்தவை.

ரத்தம் மட்டும்தான் வரைபடத்தில் இல்லை.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். ஒன்றும் தோன்றவில்லை. இருபத்தாறு வருட சர்வீஸில் முதலில் போனது தலைமுடி. அடுத்துப் போனது, பிணத்தைப் பார்த்தால் மனசில் ஏதாவது தோன்றுவது.

"எத்தனை மணிக்கு?"

"பத்து இருபது சார்," என்றார் ஏட்டு. "விருது கமிட்டியிலேர்ந்து நடுவர் அம்மா வந்திருக்காங்க. அவங்களுக்குப் படியைக் காட்டறேன்னு இவர் பேசிக்கிட்டே முன்னால இறங்கியிருக்கார். கீழே கேமராக்காரர் நின்னு படம் எடுத்துக்கிட்டு இருந்தார்."

"யாராவது தள்ளினாங்களா?"

"நடுவர் அம்மா நாலு படி பின்னால சார். குதிகால் செருப்பு. கழட்டி ரெண்டு கையிலயும் பிடிச்சிருந்தாங்க."

"இவர் என்ன பேசினார்?"

ஏட்டு நோட்டைப் புரட்டினார். "'இந்தப் படிகள் மக்களோடு உரையாடுகின்றன'ன்னு சொன்னாராம்."

"அப்புறம்?"

"அப்புறம் விழுந்துட்டார்."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார்.

உண்மையைச் சொன்னால், நல்ல படிதான் அது. முன்பு அந்த இடத்தில் ஒரு மண்சரிவு இருந்தது. மேல் ரோட்டுக்காரர்கள் குப்பையை உருட்டி விடுவார்கள். கீழ்த்தெருக்காரர்கள் அதில் வழுக்கிக்கொண்டு ஏறுவார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் மேலேயே நின்று கைதட்டிக் கூப்பிடுவார்கள். படி வந்ததும் சரிவைப் பார்த்த ஜன்னல்களெல்லாம் முதல் தடவையாகத் திறந்தன. நாலு கடை வந்தது. சாயங்காலம் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். போலீஸ்கூட சீக்கிரம் வந்தது. அதை மட்டும் தெருவில் யாரும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் காரணமான மனிதரை மக்கள் மரியாதையாக 'எஞ்சினியர் சார்' என்றார்கள். அவர் முகம் சுருங்கிவிடும். கட்டடக்கலைஞர் என்று சொல்ல வேண்டும். படியைப் படி என்று சொல்லக் கூடாது. 'புறக்கணிக்கப்பட்ட வெளியின் முதுகெலும்பு' என்று சொல்ல வேண்டும். அதில் அவர் முப்பது பக்கக் கட்டுரையே எழுதியிருந்தார்.

இன்ஸ்பெக்டரின் பார்வை கடைசிப் படியில் வந்து நின்றது.



முற்றத்து ஓரத்தில் இருந்த தையற்கடைக்குப் போய் டேப் கேட்டார். தையற்கடை அக்கா கழுத்தில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தாள்.

கடைசிப் படியின் உயரத்தை அளந்தார். ஆறு அங்குலம்.

மறுபடி அளந்தார்.

ஆறு!

"போன வருஷமும் என் டேப்தான் வாங்கினீங்க சார்," என்றாள் அக்கா. குரலில் ஒரு வளைவும் இல்லை. "அன்னிக்கும் ஆறுன்னுதானே எழுதினீங்க?"

அவர் டேப்பைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அன்றைக்கு ஆறு இல்லை.

நாலு.

அது அந்த டேப்புக்குத் தெரியும். அவருக்குத் தெரியும்.

போன வருஷம், இதே முற்றம். செத்தவள் மேஸ்திரியின் பெண்டாட்டி. படியைக் கட்டிய அதே மேஸ்திரி. வேறு ஊரில் மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு இரண்டு மாதம் கழித்துத் திரும்பியவள், புதுப் படியில் இரண்டு கையிலும் பையோடு இறங்கினாள். இருபத்தோரு படி ஆறு ஆறாக இறங்கிப் பழகிய கால், கடைசிப் படியையும் ஆறாகவே எண்ணியது. தரை இரண்டு அங்குலம் முன்னாலேயே வந்து இடித்தது. முழங்கால் மடிந்தது. மண்டை தரையில் பட்டது.

காரணம் இவ்வளவுதான். திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு கட்டடக்கலைஞர் முற்றத்துக் கல்லை மாற்றச் சொன்னார். பழைய கல் போட்டோவில் வெளிறித் தெரிந்ததாம். புதுக் கல்லின் கனம் இரண்டு அங்குலம் கூடுதல். கடைசிப் படி குட்டையாகிவிடும் சார், கால் இடறும் என்று மேஸ்திரி சொல்லிப் பார்த்தார். "ரெண்டு அங்குலம் கண்ணுக்குத் தெரியாதுய்யா" என்று பதில் வந்தது.

காலுக்குக் கண் கிடையாது என்பது கட்டுரையில் எங்கும் இல்லை.

அவள் செத்த மறுநாள் கட்டடக்கலைஞர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தார்: எல்லாப் படிகளும் ஆறு அங்குலம், குறைபாடு ஏதும் இல்லை. பின்னாலேயே மேலிடத்திலிருந்து போன். விருதுக்குப் போகும் படியாம், பார்த்து எழுதணுமாம்.

இன்ஸ்பெக்டர் பார்த்து எழுதினார். நாலை ஆறாக்க ஒரு விநாடிதான் ஆனது. சாவுக்குக் காரணம் என்ற இடத்தில் ஒரே வார்த்தை: கவனக்குறைவு.

அன்றைக்கும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஸ்டேஷன் வாசலில் ஜீப் நின்றது.

உள்ளே பெஞ்சில், மடியில் கொத்துக் கரணைப் பையோடு, மேஸ்திரி உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் சார் செஞ்சேன். எழுதிக்குங்க."

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்பது போலச் சொன்னார். இன்ஸ்பெக்டர் அறைக் கதவைச் சாத்தினார்.

மேஸ்திரி ஒன்றையும் மறைக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால், பட்டப்பகலில், படிக்குக் கீழே மூன்று வரிசைக் கல்லைப் பெயர்த்தாராம். அடியைச் செதுக்கி, இரண்டு அங்குலம் இறக்கி, சரிவாக ஒட்டிவிட்டாராம். கொத்துவேலை செய்கிற மேஸ்திரியை யார் என்ன கேட்கப் போகிறார்கள்? ஆனால் தெருக்காரர்களின் கால்கள் ஒரு வருஷமாக நாலு அங்குலத்துக்குப் பழகியிருந்தன. அதனால் நூற்றுப்பத்து வீட்டுக்கும் நடந்துபோய்ச் சொன்னாராம். ஒரு வாரம் காலையும் மாலையும் படியடியில் நின்று, இறங்குகிறவர்களை நிறுத்தி நிறுத்தி எச்சரித்தாராம்.

"அவர்கிட்ட?"

"அவருக்குத்தான் தெரியாதே சார். எல்லாப் படியும் ஆறுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தவராச்சே. அவர்கிட்டப் போய் நாலை ஆறாக்கிட்டேன்னு எப்படிச் சொல்றது?"

இன்ஸ்பெக்டருக்குப் புரிந்தது. பழைய படி, குறை தெரியாதவளை விழவைத்தது. சரிசெய்த படி, குறை தெரிந்தவரை விழவைத்தது. நாலு என்று நம்பி உடம்புப் பாரத்தைப் போட்ட கால்... அங்கே தரை இல்லை. இரண்டு அங்குலக் காற்று!

"சாகணும்னு செஞ்சீங்களா?"

"தடுமாறணும்னு செஞ்சேன். கேமரா முன்னால. அவருக்குத் தெரியும்ங்கிறது நாலு பேருக்குத் தெரியணும்." மேஸ்திரி பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார். "பெஞ்சு முனையை நான் யோசிக்கல சார். அது அவர் யோசிச்சது."



"வீட்டுக்குப் போங்க மேஸ்திரி. படியைச் சரிபண்றது குத்தமில்ல."

"குத்தம்தான். தெரிஞ்சே ஒருத்தருக்குச் சொல்லாம விட்டேன். நாலா இருந்ததை ஆறாக்கினேன்னு எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

"எப்பவுமே ஆறுதான் இருந்தது."

"அப்ப எம் பொண்டாட்டி?"

இன்ஸ்பெக்டர் பேப்பர்வெயிட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். வேடிக்கைதான். கொலைகாரன் கைது செய்யச் சொல்லிக் கெஞ்சுகிறான். போலீஸ் மாட்டேன் என்கிறது. இந்த ஆளை உள்ளே தள்ள வேண்டுமானால், படி நாலாக இருந்தது என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால், அளந்தவனும் உள்ளே போக வேண்டும்.

"நான் எத்தனை வருஷம் வேணும்னாலும் இருக்கேன் சார்," என்றார் மேஸ்திரி. "எம் மக அவங்கம்மா சாவு ரிப்போர்ட்டைப் படிச்சிருக்கா. அம்மா என்னப்பா அவ்வளவு கவனக்குறைவான்னு கேக்கறா. அந்த ஒரு வார்த்தையை எடுத்துடுங்க. போதும்."

"போயிட்டு வாங்க."

மேஸ்திரி எழுந்திருக்கவில்லை.

கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார் ஏட்டு. கையில் செல்போன்.

"சார்... கேமராக்காரர் வீடியோவை வெளியே விட்டுட்டார். செத்தவர் சட்டையில மைக் இருந்திருக்கு. கடைசியா நடுவர் அம்மாகிட்ட மெதுவாப் பேசினதும் பதிவாகியிருக்கு. அதை அவங்க நம்மகிட்டச் சொல்லல."

போனை மேஜை மேல் வைத்தார்.

படிகள் உரையாடி முடித்தன. கட்டடக்கலைஞர் கடைசிக்கு முந்தின படியில் நின்று, பின்னால் திரும்பி, குரலைத் தாழ்த்தினார்.

'மேடம், கடைசிப் படி மட்டும் பார்த்து வாங்க. ரெண்டு அங்குலம் கம்மி. யாருக்கும் தெரியாது... போலீஸே ஆறுன்னு எழுதிட்டாங்க.'

சிரிப்பு. திரும்பினார். தயங்காமல் காலை வைத்தார்.

கேமரா ஆடிச் சரிந்தது. வீடியோவில் வானம் மட்டும் தெரிந்தது.

"எத்தனை பேர் பார்த்திருக்காங்க?"

"கமிஷனர் பார்த்துட்டார் சார். மத்தவங்க கணக்கு எதுக்கு?"

இன்ஸ்பெக்டர் எழுந்து பீரோவைத் திறந்தார். போன வருஷத்து ஃபைல். ஆறுக்கு அடியில் நாலு இன்னும் தெரிந்தது. அவசரத்தில் சரியாக அடிக்கவில்லை. பேனாவைத் திறந்தார். 'கவனக்குறைவு' என்பதன் மேல் ஒரு கோடு. மேலே: படி உயரம் நாலு அங்குலம். பக்கத்தில் இன்றைய தேதி. கையெழுத்து.

ஏதாவது தோன்றுகிறதா என்று ஒரு நிமிடம் காத்திருந்து பார்த்தார்.

இல்லை. விரல் நுனி மட்டும் லேசாகக் குறுகுறுத்தது.

ஃபைலை மேஸ்திரி பக்கம் நகர்த்தினார். அவர் அந்தக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கரணைப் பையை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்.

"ஏட்டு, உக்காந்து எழுதுங்க. புது கேஸ்."

"எத்தனை பேர் மேல சார்?"

"மூணு. படியை வரைஞ்சவர், படியைச் சரிபண்ணினவர், படியை அளந்தவர்."

ஏட்டின் பேனா அந்தரத்தில் நின்றது. "மூணு பேரையும் உள்ளே வைக்கணுமா சார்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, பெஞ்சில் மேஸ்திரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ரெண்டு பேர் போதும்யா. முதல் ஆளுக்கு முன்ஜாமீன் கிடைச்சாச்சு."