வெளியே புடைத்த தகரம்

வண்டி எதிலாவது இடித்தால் தகரம் உள்ளே போகும். முப்பது வருஷமாக டிங்கர் வேலை பார்க்கும் வைரக்கண்ணுவுக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. ஆனால் அந்தப் பழைய அம்பாசடரின் கூரையில் பெயின்டுக்கு அடியில் பூசியிருந்த பட்டியைச் சுரண்டச் சுரண்ட, அடியில் தெரிந்த தகரம் வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது.

வண்டி பட்டுக்கோட்டை குணசேகரனுடையது. அப்பா அம்மாவை அறுபதாம் கல்யாணத்துக்கு இதில்தான் திருக்கடையூர் அழைத்துப்போக வேண்டும் என்று வேதாரண்யத்து மீரா உசேனிடம் வாங்கி, பழைய பெயின்டையும் பட்டியையும் மொத்தமாக உரிக்கச் சொல்லி விட்டுப்போயிருந்தார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட மத்தியானம். வயல் நடுவே தனியாக நின்ற பட்டறையின் தகரக் கூரைமேல் மழை அடித்த அடியில், ரோட்டில் போகும் பஸ்ஸின் ஹாரன்கூடக் கேட்கவில்லை.

மேலே வெள்ளை, அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் விரல் தடிமனுக்குச் சாம்பல் நிறப் பட்டி. யாரோ அவசர அவசரமாக அப்பியது. தேய்க்கும் மிஷின் பட்டதும் எப்போதும் மூக்கில் ஏறும் மருந்து நெடிக்குப் பதிலாகக் கடற்கரைச் சேற்றின் வாடை கிளம்பியது. எத்தனையோ வருஷம் காய்ந்திருக்க வேண்டிய தூள் ஈரமாக விரலில் ஒட்டியது. கூரையில், கதவுகளில், எங்கே உரித்தாலும் முஷ்டி அளவு மேடுகள், ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு. பின்சீட்டுப் பக்கம் இருந்தவை சின்னவை.

உள்ளே பார்த்தால்தான் தெரியும் என்று, கதவைத் திறந்தே வைத்துவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். கூரைத் துணியைக் கிழித்து, ஒரு குழியில் தன் முஷ்டியை வைத்துப் பார்த்தான். அச்சாகப் பொருந்தியது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, வண்டியை விற்ற மீரா உசேனுக்குப் போன் போட்டான்.

பட்டியை உரித்ததைச் சொன்னதும் அவர் பதறினார். மேலே பெயின்ட் மட்டும் அடித்தால் போதும், உரிக்க வேண்டாம் என்று குணசேகரனிடம் படித்துப் படித்துச் சொன்னதாகச் சொன்னார். பிறகு குரல் இறங்கியது.

"இப்ப எங்க இருந்து பேசுறீங்க?"

"வண்டிக்குள்ளதான் பாய்."

"எறங்குங்க. அப்பறம் பேசலாம், மொதல்ல எறங்கிடுங்க."

திரும்பிப் பார்த்தான். கதவு சாத்தியிருந்தது. சாத்திய சத்தம் மழையில் கேட்கவில்லை. கைப்பிடி சுழன்றது, கதவு அசையவில்லை. நாலு கதவும் அப்படித்தான். போனில் பேச்சு அறுந்துவிட்டது. சுத்தியல் வெளியே பானட்மேல் கிடந்தது. கண்ணாடியைக் காலால் உதைத்தான். கல்லை உதைத்த மாதிரி இருந்தது.

முன்கண்ணாடியின் கீழ் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு இழுபட்டது.

வெளியே ஆளில்லை. பட்டி இழுக்கும் தகடு கண்ணாடியில் உரசும் சத்தம் மட்டும், வேலை பழகிய கை இழுப்பதுபோல நிதானமாக. இழுப்புக்கு இழுப்பு வெளிச்சம் குறைந்தது. பக்கக் கண்ணாடி. பின்கண்ணாடி.

வைரக்கண்ணு கூரையை முஷ்டியால் இடித்தான். கத்தினான். இடித்தான். தோல் கிழிந்தது. தகரம் லேசாகப் புடைத்தது.

கடைசி இடுக்கும் மூடியது.

இருட்டு. சேற்று வாடை. கை ஓய்ந்து மடியில் விழுந்தது.

பின்சீட்டிலிருந்து ஒரு சின்னக் கை, ஈரமாக, அவன் மணிக்கட்டைப் பிடித்தது. மெல்லத் தூக்கி, மறுபடியும் கூரையில் வைத்தது.