கை நீட்டும் தூரம்

காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. சமையலறை ஜன்னல் இடுக்கில் ஊளையிட்டது, கொடிக்கயிற்றில் கிடந்த சட்டைகளைப் பிடித்து உலுக்கியது. ஆனால் கொட்டகைக்குப் பின்னால் உயரமாக நின்ற தண்ணீர் இறைக்கும் காற்றாடி மட்டும் அசையவே இல்லை. துருப்பிடித்திருக்கும் என்று லெப்டினன்ட் கெஸ்லர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எதற்கும் ஒரு காரணம் சொல்லிவிடுவதுதானே அவன் உத்தியோகம்.

இந்த நெப்ராஸ்கா பண்ணைகளில் சில நாட்களாக வானத்தில் எதையோ பார்க்கிறார்கள். விசாரிக்க விமானப்படை அவனை அனுப்பியிருந்தது. எல்லாரிடமும் ஒரே கேள்விதான்: கையை நீட்டிப் பிடித்தால் எந்தப் பொருள் அதை மறைக்கும்? முதலில் பார்த்த எமில் நோவோட்னி, பட்டாணி என்றார். தபால்காரர் திராட்சை என்றார். பள்ளி ஆசிரியை ஆப்பிள் என்றாள். ஆளுக்கொரு அளவு சொன்னால் கண்மயக்கம், வெள்ளி கிரகம் என்று முடித்துவிடு என்பது அவன் மேலதிகாரி கர்னலின் பாடம். கெஸ்லரும் அப்படியே முடித்தான். செவ்வாயிலிருந்து ஆள் இறங்கிவிட்டதாக அதுவரை எழுதிய பத்திரிகைகளே மறுநாள் ‘பட்டாணி எமில்’ என்று படம் போட்டுக் கிண்டலடித்தன.

எமில் ரோஷக்காரர். காலையில் கேமராவோடு மேய்ச்சல் நிலத்துக்குப் போனவர் இன்னும் வரவில்லை.

“நீங்க வெள்ளின்னு சொல்லிட்டீங்க தம்பி, தேட ஒருத்தனும் வரமாட்டேங்கிறான்,” என்றாள் அவர் மனைவி ஹில்டா. “பட்டாணி பொறுக்கப் போயிருப்பாருன்னு ஷெரிஃபே சிரிக்கிறாரு. அது வெள்ளி இல்லைன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. ஆளுங்க வருவாங்க. இந்தக் குளிர்ல ராத்திரி தாங்கமாட்டாரு.”

“நேத்து நீங்களும் பாத்தீங்களா மேடம்? எதால மறைக்கலாம்?”

அவள் கழுவிக்கொண்டிருந்ததை உயர்த்திக் காட்டினாள். சாப்பாட்டுத் தட்டு.

அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. பட்டாணி, திராட்சை, ஆப்பிள், தட்டு. ஒவ்வொருவரும் பார்த்தது ஒவ்வொரு நாள். நாள் வரிசையில் அவன் யோசித்ததே இல்லை. யாரும் தப்பாகச் சொல்லவில்லை. அது ஒன்றேதான். கிட்டே வந்துகொண்டிருக்கிறது.

சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்துக் கர்னலுக்கு இணைப்புக் கேட்டான். சாலையோரப் பண்ணைகளுக்கெல்லாம் ஒரே தொலைபேசிக் கம்பி. வழக்கம்போல் அக்கம்பக்கத்தார் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுக்கேட்டார்கள்.

“சார், அது வெள்ளி இல்ல. ஒரு ஆளைக் காணோம். தேட ஆள் அனுப்புங்க.”

“குடிச்சிருக்கியா கெஸ்லர்? பத்திரிகைக்காரங்க காதுல விழுந்தா தொலைஞ்சோம்.”

கம்பியில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. தொலைபேசியை வைத்த சத்தம் இல்லை. அடுத்த வீட்டுக் கிழவரின் இருமல் நின்றது. அதற்கடுத்த வீட்டில் வானொலிப் பாட்டு நின்றது. இந்தப் பக்கமாக, ஒவ்வொரு வீடாக. பிறகு கர்னலும் இல்லை.

திரும்பினான். ஹில்டா இல்லை. கதவு திறந்திருந்தது, சூடேறிய இஸ்திரிப்பெட்டியின் வாடை உள்ளே வந்தது.

முற்றத்துப் பனியில் எதற்கும் நிழல் இல்லை. மத்தியானத்திலிருந்து மேகமூட்டம் என்றுதான் நினைத்திருந்தான். மேகம் நகரும். இது நகரவில்லை.

இறங்கியது.

கொட்டகைக் கூரை தெரியவில்லை. சத்தமே இல்லை. நடு முற்றத்தில் ஹில்டா, அவன் கற்றுக்கொடுத்தபடி, கையை உயர நீட்டி நின்றாள்.

“ஓரமே தெரியலையே தம்பி. இதை எதால மறைக்கிறது?”

ஓட நினைத்தான். கதவு நிலையைத்தான் பிடித்துக்கொண்டான்.

அவள் விரல்கள் இல்லை. மணிக்கட்டு இல்லை. ரத்தமும் இல்லை. குதிகால்கள் பனியைவிட்டு எழும்பியிருந்தன. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஹில்டா பதிலுக்குக் காத்திருந்தாள்.