பதினோரு பேர் பார்த்த இடம்

தாடிக்கொம்பு சாலையில் வெகுநாள் பூட்டிக் கிடந்த ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்துத்தான் ஷமா தன் ஆய்வை நடத்திவந்தாள். வரைபடங்களைச் சாதாரண ஜனங்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அவளுடைய பிஎச்டி. திரையில் நத்தம் பக்கத்துக் கிணறு ஒவ்வொன்றும் ஒரு நீலப் புள்ளி. எதிரே உட்காருபவரின் கண்ணைத் திரைக்கு அடியிலிருக்கும் கேமரா கவனிக்கும். கண் எங்கே நிலைக்கிறதோ அங்கே சிவப்பு படரும்.

அன்று மத்தியானம் அவள் வந்து பார்த்தபோது, பதினோரு பேரின் பதிவிலும் சிவப்பு ஒரே இடத்தில் இருந்தது.

புள்ளியே இல்லாத இடத்தில்.

கருவியை ஓட்டுகிறவன் ஆண்டனிராஜ். வேலைக்கு வந்து மூன்று மாதம்தான்.

“ஒரே ஆள வச்சு பதினோரு வாட்டி ஓட்டிட்டியா ஆண்டனி?”

“மாதா சத்தியமா இல்லக்கா.” குரலைத் தாழ்த்தினான். “வந்தவுக எல்லாம் அங்கனயேதான் பாத்தாக. என்னான்னு கேட்டா, ‘அந்தப் புள்ள ஏன் இந்த வெயில்ல ஒக்காந்திருக்கு’ன்னு கேக்குறாக.”

அவனுக்கு வேர்த்திருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் குறுகுறுத்தது அவள் நெஞ்சும்தான். சிவப்பு படர்ந்த அந்த இடத்தில் முன்பு ஒரு கிணறு இருந்தது. ஒரு சிறுமி விழுந்து செத்தபின் மூடிவிட்டார்கள். அளவெடுக்க முடியாததால், படம் சுத்தமாக இருக்கட்டும் என்று அந்தப் புள்ளியை அழித்தவளே ஷமாதான். யாரிடமும் சொல்லவில்லை. இவன் லேப்டாப்பை நோண்டியிருப்பானோ?

சாயங்காலம் ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியருக்குப் பதில் சொல்ல வேண்டும். தில்லுமுல்லு என்று தெரிந்தால் இவன் வேலை போகும். காரணம் தெரியாவிட்டால் அவளுடைய மூன்று வருட உழைப்பு போகும். இவன் போகட்டும் என்றுதான் அவள் விரும்பினாள்.

“நீ செத்த வெளிய நில்லு.”

கதவைச் சாத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்து பதிவை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணைக் கேமராவால் பதிவுசெய்ய முடியாது. அப்படியும் சிவப்பு வந்தால், அவன் கருவியில் கைவைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

பாசி வாடை அடித்தது.

ஒரு நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். அதே இடத்தில் சிவப்பு.

மாட்டினான்! சந்தோஷமாகவே இருந்தது. அவனைக் கூப்பிட வாயெடுத்தவள், திரையின் ஓரத்திலிருந்த எண்ணைப் பார்த்தாள். திரைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம். அவள் இருந்தது இரண்டடியில். பதிவில் நாலடி.

அவள் முதுகுக்குப் பின்னால்.

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது இரண்டு எண்கள் தெரிந்தன. ஒன்று இரண்டடியிலேயே நின்றது. மற்றது குறைந்தது.

மூன்றரை.

மூன்று.

“அக்கா, என் வேல இருக்குமாக்கா?” கதவுக்கு வெளியே ஆண்டனி கேட்டான்.

இருக்கு, உள்ள வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

இரண்டேகால்.