ஆப்பிரிக்கா போகும் ஊசிகள்!

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

கோச்சடையில் ஒரு வீட்டில் போன் அடித்தால் நாலு வீட்டில் காது நிமிரும். செல்போன் என்பது பெரிய டாக்டர்களின் சட்டைப்பையில் மட்டும் துருத்திக்கொண்டிருந்த காலம்.

நர்ஸ் சத்யப்ரியா அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்தாள். ரிசீவரை எடுத்தாள்.

லேப்பிலிருந்தா...?

"ஹலோ...?"

"சிஸ்டர், நான் முத்திருளன் பேசுறேன். அவனியாபுரம் குடோனு."

லேப் இல்லை. அவள் மூச்சு விட்டாள்.

"சொல்லுங்கண்ணே. என்ன விடிஞ்சும் விடியாம?"

"அந்த ஊசியெல்லாம் எங்கருந்து வருதுன்னு கேட்டீகள்ல? சொல்றேன். நேர்ல வாங்க. எனக்கும் காய்ச்ச நிக்கவே மாட்டேங்குது சிஸ்டர்... பயமா இருக்கு..."

"யாருண்ணே பண்றது? பேரை மட்டுமாவது சொல்லுங்க!"

"போன்ல வேணாம்... அட, வாங்க வாங்க! உள்ள வாங்க!"

கடைசியில் சொன்ன 'வாங்க' இவளுக்கு இல்லை. அங்கே வாசலில் வந்து நின்ற வேறு யாருக்கோ!

டொக்!

"யாருடி போன்ல?" என்றாள் அம்மா முத்துத்தாய். "மாப்பிள்ளை வீட்டுக்காரகளா?"

"இல்லம்மா. ஆஸ்பத்திரி. போயிட்டு வாரேன்."

"போ, போ. ஊரே சிரிக்குது. ஆப்பிரிக்கா போயிட்டு வந்த நாள்லருந்து எந்த மாப்பிள்ளையச் சொன்னாலும் வேணாங்குற. என்னதான்டி நடந்துச்சு அங்க?"

பக்கத்து வீட்டு ராமக்காள் ஜன்னலோரம் வந்து கறிவேப்பிலை ஆய ஆரம்பித்தாள். அவளுக்கு விடை தெரியும். அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டரோடு பழக்கம் என்று தெரு முழுக்கச் சொன்னவளே அவள்தான். வெள்ளைக்காரனுக்குப் பூனைக்கண் என்பதுவரை அவளுக்குத் தகவல் உண்டு.

நிஜம் வேறு.

டாக்டர் ராமமூர்த்தி நடத்தும் டிரஸ்ட், வெளிநாட்டு அகதி முகாம்களுக்குச் சம்பளமில்லாத நர்ஸ்களை அனுப்பும். லீவு போட்டுவிட்டு சத்யா போனாள். கூடாரத்துக்கு வெளியே வெயிலில் குழந்தைகள் வரிசை. மதுரையிலிருந்து வந்த பெட்டியை உடைத்தாள். புத்தம் புது கவர். பிரித்து ஊசியை மாட்டும்போது சுருக்கென்று விரலில் ஏறியது.

விரலை உதறிவிட்டு ஊசியைப் பார்த்தாள்.

ஊசியின் அடிக்கழுத்தில் காய்ந்து, கறுத்து...

ரத்தம்! யாருடைய ரத்தமோ!

அன்றைக்கே அந்தப் பெட்டியைத் தூக்கிக் குழியில் போட்டாள். ஆனால் அதற்கு முன் வந்த பெட்டிகள்? அவற்றில் போட்டுக்கொண்ட பிள்ளைகள்? நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஊர் திரும்பியதும் லேப்பில் ரத்தம் கொடுத்தாள். எய்ட்ஸ் இருக்கிறதா என்று மூன்று மாதம் கழித்துப் பார்த்தால்தான் உறுதி என்றார்கள். மூன்று மாதம் முடிந்து மறுபடி ரத்தம் கொடுத்தாயிற்று. இன்று சாயங்காலம் ரிசல்ட்!

இதைப் போய் மாப்பிள்ளை வீட்டில் சொல்ல முடியுமா? ராமக்காளிடம் சொன்னால் சன் டிவி எதற்கு?

இரண்டே பேரிடம் சொல்லியிருந்தாள். டாக்டர் ராமமூர்த்தி, "துருவா இருக்கும்மா" என்று ஓ.பி. பார்க்கப் போய்விட்டார். மூத்த நர்ஸ் சூடாமணிதான் கட்டிப்பிடித்து அழுதாள்.

சூடாமணியைத் தெரியாதவர்கள் மதுரையில் குறைவு. ஒவ்வொரு முறை அவள் முகாமிலிருந்து திரும்பும்போதும் ஏர்போர்ட் ரோட்டில் போஸ்டர்! 'ஆப்பிரிக்கா கண்ட அன்னையே வருக!' காதுகுத்துக்கே சுவர் தேடும் ஊர். கடல் தாண்டியவளை விடுமா?

சத்யா ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டாள்.

அவனியாபுரத்தில், முத்திருளன் பெட்டி கட்டி அனுப்பும் டிரஸ்ட் குடோனின் ஷட்டர் பாதி ஏறியிருந்தது. குனிந்து நுழைந்தவள் மூக்கைப் பொத்தினாள்.

சோப்புத்தூள், டெட்டால், அதற்கும் அடியில் அழுகல். எல்லாம் கலந்த ஒரு நாற்றம்.

பெரிய நீல டிரம்மில் நுரை. நுரைக்குள் ஊசிகள் மிதந்தன. ஓரத்தில் கோரைப்பாய் விரித்து, அதில் வடகம் காயப்போடுவதைப் போல சிரிஞ்சுகளைப் பரப்பியிருந்தார்கள். பாயின் மேல் ஈ! பக்கத்தில் மிக்சர் பாக்கெட் ஒட்டும் மிஷின். அந்தப் பக்கம் அடுக்கி, கட்டி, முகவரி எழுதிய பெட்டிகள்.

ஒரு பெட்டியின் முகவரியைப் படித்தாள். அவள் போன அதே முகாம்!

"அண்ணே...! முத்திருளண்ணே!"

பெட்டிகளுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தான் முத்திருளன். தலை தொங்கி, வாய் திறந்து, கண் நிலைத்து...

"ஐயோ...!!"

அவள் போட்ட அலறலில் எதிர் லேத் பட்டறையே நின்றுபோனது.

*

இன்ஸ்பெக்டர் அழகுபாண்டி கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன தாயி இது? ஊறுகாய் கம்பெனியா?"

"ஊசி சார். ஆஸ்பத்திரிக் குப்பையில பொறுக்குனது. நோயாளிக்குக் குத்திட்டுத் தூக்கிப் போட்டத ஊறவச்சு, காயவச்சு, புதுசுன்னு கவர் போட்டு ஒட்டி... எங்க டிரஸ்ட் முகாமுக்கு அனுப்புறாங்க."

"முகாமுக்குன்னு ஜனங்க புதுசா வாங்கி நன்கொடையாத் தந்தாங்கள்ல? அது?"

"அத வெளில வித்துருப்பாங்க."

"த்தூ!" என்று வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்தார். "அழுகுன பொணத்தத் தூக்கிப்போட்டுட்டு நேரா பரோட்டாக் கடைக்குப் போற ஆளு நானு. இதப் பாத்ததும் தின்ன இட்லி தொண்டைக்கு வருதே! சரி, இவன் குடிச்சுத்தானே செத்திருக்கான்?"

"கையப் பாருங்க சார்."

முழங்கை மடிப்பில் சின்னதாய்ப் பஞ்சு. அதன்மேல் குறுக்காக ஒரு துண்டு பிளாஸ்திரி. நேர்த்தியாக, சுருக்கமில்லாமல்.

"ஊசி போட்டே கொன்னுருக்காங்க. காய்ச்சல்ல கிடந்த மனுசன்... சத்து ஊசின்னு சொன்னா நம்ம ஆளுக கைய நீட்டிருவாங்கள்ல? இதயத்த நிப்பாட்டுற மருந்த ஏத்திருப்பாங்க."

"கொல்ல வந்தவன் பஞ்சு வச்சு பிளாஸ்திரி வேற ஒட்டுவானா? செத்தவனுக்கு சீழ் பிடிச்சிருமாக்கும்?"

"பழக்கம் சார். வருசக்கணக்கா ஊசி போட்ட கை. உருவுனதும் தன்னால பஞ்ச வச்சு அழுத்தும். மனசு கொலை பண்ணாலும் கை டூட்டி பாத்திருக்கு."

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த மாதிரிக் கை உங்க டிரஸ்டுல யார் யாருக்கு?"

"டாக்டருக்கு. சூடாமணி அக்காவுக்கு. டாக்டரோட மச்சினன் வெங்கடேஷ்பாபுவுக்கு... மெடிக்கல் ஷாப் வச்சிருக்கார், ஊசியும் போடுவார், ஸ்டோர் சாவியும் அவர்ட்டதான்."

"நாலாவது ஆளு நீங்க. பொணத்தோட நிக்கிறதும் நீங்க!"

அவள் அசரவில்லை. விரலை நீட்டினாள். முகாமில் நடந்ததையும், சாயங்காலம் வரவேண்டிய ரிசல்ட்டையும் சொன்னாள். சொல்லச் சொல்ல இன்ஸ்பெக்டரின் கைக்குட்டை மூக்கிலிருந்து கண்ணுக்கு ஏறியது.

"எனக்கு என்ன எழுதியிருக்கோ, அது வரட்டும் சார். ஆனா யாரோட ரத்தத்த எனக்குள்ள ஏத்துனாங்கன்னு தெரியாம விடமாட்டேன். எனக்கு ஒரு உதவி பண்ணுங்க."

காதோடு ஏதோ சொன்னாள்.

"அடியாத்தீ!" என்றார் அழகுபாண்டி. "நீங்க போலீசுக்கு வந்திருக்கணும்."

*

மத்தியானம். பைபாஸ் ரோட்டில் டிரஸ்ட் ஆபீஸ்.

அடுத்த முகாமுக்குப் போகிறவர்கள் கிளம்புமுன் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அதுதான் வழக்கம். இந்த முறை டாக்டர், மச்சினன், சூடாமணி மூவருமே போவதாக ஏற்பாடு. மேஜை மேல் அவனியாபுரத்திலிருந்து வந்த பெட்டி. டிரஸ்டின் ஸ்டிக்கர் பளபளத்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"முத்திருளன் குடிச்சே செத்துட்டான். சும்மா நாலு வார்த்தை கேக்கலாம்னு வந்தேன். நீங்க உங்க வேலையப் பாருங்க."

"எம்புள்ள மாதிரி இருந்தான் சார்..." சூடாமணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எம்புட்டுச் சொன்னேன், குடிக்காத, குடிக்காதன்னு!"

சத்யா பெட்டியை எல்லோர் முன்பும் உடைத்தாள். மேலாக இருந்த சிரிஞ்சுகளைத் தட்டில் அடுக்கினாள். ஒன்றைப் பிரித்தாள்.

"சார், நீங்க?"

டாக்டர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சட்டைக்கையைச் சுருட்டினார். "சீக்கிரம் போடும்மா. ஓ.பி.ல ஆளு நிக்குது."

குத்தினாள். அவர் பக்கத்தைத் திருப்பினார். அவ்வளவுதான்.

அடுத்து வெங்கடேஷ்பாபு. கழுத்தில் தாம்புக்கயிறு கனத்தில் செயின். இன்ஸ்பெக்டர் காபியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். இவன்தான்... இவனேதான்...!

"மெதுவாப் போடுங்க சிஸ்டர்... மெதுவாங்கிறேன்... யம்மா...!"

"இன்னும் போடவே இல்லண்ணே."

"அப்படியா? சரி, போடுங்க."

கண்ணை இறுக்கிக்கொண்டு கையை நீட்டியே இருந்தான். போட்டுக்கொண்டான். தேய்த்துக்கொண்டான். இன்ஸ்பெக்டரின் முகம் ஆறிய காபி மாதிரி ஆயிற்று.

"அக்கா, நீங்க வாங்க."

சூடாமணி சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்தாள். கவரில் ஒரு சிரிஞ்சை எடுத்து நீட்டினாள்.

"எனக்கு இதுல போடு கண்ணு. டிரஸ்ட் ஊசி நம்ம தோலுக்கு ஒத்துக்கிறதில்ல. தடிப்புத் தடிப்பா வந்துருது."

சத்யா அந்தக் கவரையே பார்த்தாள். அன்றைக்குக் கட்டிப்பிடித்து அழுதது இவளா...?

"அகதிப் பிள்ளைகளுக்கு ஒத்துக்குதேக்கா?"

"அது... அதுக வேற, நாம வேற..."

"என்ன சூடாமணி, சின்னப்புள்ள மாதிரி?" டாக்டர் எரிச்சலாய் நிமிர்ந்தார். "எல்லாம் ஊசிதானே? போட்டு முடிங்க!"

சத்யா தட்டிலிருந்த சிரிஞ்சை மாட்டிக்கொண்டு அவள் தோளைப் பிடித்தாள். முனை தோலை நெருங்கியது. நெருங்கியது...

"வேணாம்! எடுடி அதை! எவன் உடம்புல குத்துன ஊசியோ...!"



டாக்டரின் கையிலிருந்து பேப்பர் நழுவியது. "எவன் உடம்புல குத்துனதுன்னா...? இப்பத்தானே பெட்டியவே உடைச்சது?"

சூடாமணியின் வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தபோது போஸ்டரில் இருந்த அன்னையைக் காணோம்!

"ஆமா! இப்ப என்ன? பொட்டக்காட்டுல கிடக்குறதுகளுக்கு ஊசின்னு ஒண்ணு போறதே பெருசு! புதுசு வேற கேக்குதாக்கும்? அந்த முத்திருளன் பய உளறப் பாத்தான்... அதான் அவனுக்கும் ஒரு ஊசி!"

டாக்டர் தன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வெங்கடேஷ்பாபுவுக்கு மட்டும் தாமதமாகத்தான் விளங்கியது. தன் கையைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். "அப்ப எனக்குப் போட்டது...?" என்று சொல்லி முடிப்பதற்குள் தரையில் சாய்ந்தான்.

அந்தக் களேபரத்தில் சூடாமணி தட்டிலிருந்த ஒரு கவரைக் கிழித்து, ஊசியை உருவி சத்யாவின் கழுத்தில் வைத்தாள்.

"கிட்ட வந்தீக... ஏத்திருவேன்! வழிய விடுங்க!"

இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார்.

சத்யா மட்டும் நிதானமாகத் திரும்பி அவள் கண்ணைப் பார்த்தாள்.

"குத்துங்கக்கா. எனக்குத்தான் ஏற்கெனவே குத்திருச்சே."

சூடாமணியின் பிடி ஒரு நொடி தளர்ந்தது. அந்த நொடி போதும்! சத்யா மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள். ஊசி திரும்பி...

சுருக்!

சூடாமணியின் உள்ளங்கையிலேயே இறங்கியது.

"ஐயோ...! ஐயய்யோ...! ஸ்பிரிட்டு! ஸ்பிரிட்டக் கொண்டாங்கடி!" வாஷ்பேசினுக்கு ஓடிக் கையைப் பிதுக்கினாள். "இது யாரு ஊசி? எந்த நோயாளி ஊசி? சொல்லுடி!"

"கழுவுனது உங்க ஆளு. எனக்கென்னக்கா தெரியும்? மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்துப் பாருங்க. அதுவரைக்கும் சோறு இறங்காது, தூக்கம் வராது. மத்தபடி ஒண்ணும் பண்ணாது."

வெளியே காத்திருந்த கான்ஸ்டபிள்கள் வந்து சூடாமணியை அள்ளிக்கொண்டு போனார்கள். பின்னால் டாக்டரின் குரல். "துருன்னு சொன்னேனேம்மா... நான்தான் துருன்னு சொன்னேன்..."

*

சாயங்காலம். லேப் வாசலில் போலீஸ் ஜீப்.

உள்ளே போன சத்யா வெளியே வரக் காணோம். இன்ஸ்பெக்டர், பாண்டி கோயில், அழகர் கோயில் என்று மனதுக்குள் ஒவ்வொன்றாக வேண்டிக்கொண்டிருந்தார். சொந்தப் பெண்ணின் பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட மனுஷன் இப்படி நகம் கடித்ததில்லை.

வந்தாள். படியில் நின்றாள். முகத்தில் எதுவுமே இல்லை.

"என்ன தாயி...? என்னாச்சு?"

"ஒண்ணும் இல்லையாம் சார். சுத்தமா இருக்காம்."

சொல்லிவிட்டு ஜீப்பின் பானெட்டில் சாய்ந்து, மூன்று மாதமாய்ச் சேர்த்துவைத்த அழுகையை அழுது தீர்த்தாள். இன்ஸ்பெக்டர் டீக்கடைப் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

அழுகை ஓய்ந்ததும் மெல்ல இழுத்தார்.

"அது சரி... வெங்கடேஷ்பாபுகிட்ட உண்மையச் சொல்லி எழுப்பி உக்கார வச்சுட்டேன். பெட்டியில மேலாக இருந்ததெல்லாம் நீங்க கடையில வாங்கி வச்ச புத்தம் புது ஊசிதான்னு டாக்டருக்கும் சொல்லியாச்சு. அந்தம்மாகிட்டத்தான் சொல்லல. லாக்கப்புல ஒரே கூப்பாடு தாயி! கைய சோப்புப் போட்டுத் தேச்சுத் தேச்சு தோலே உரிஞ்சிருச்சு. குத்துனது நல்ல ஊசிதான்னு எப்பச் சொல்லட்டும்?"

சத்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

"மூணு மாசம் போகட்டும் சார்... அவசரப்பட்டா ரிசல்ட் சரியா வராது!"